மனுவாகிப் போன கட்டுரைகள்

தேயிலைத் தோட்டத்தில், வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்தில், தோட்டத்தை நடத்தும் தொரைக்கு மனு எழுதுவது பல வருடங்களாக என் வேலை. கூரை ஒழுகினாலும் தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். மனுவுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வணக்கம், பிறகு குடும்ப நிலைமை, அப்புறம் பட்ட பாடு. கேட்க வேண்டியதைக் கடைசி வரியில் மெல்லக் கேட்க வேண்டும்.

ஆசிரியர் உதவியாளர் பரீட்சைக்குப் படித்தபோது அந்தப் பழக்கமே என் காலை வாரியது. வயதெல்லைப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் காம்பராவில் தொட்டில் ஆட்டியே என் காலம் போய்விடும்.

கூடப் படித்தவள் என்னைவிட இளையவள். மஸ்கெலியாவிலிருந்து ஹட்டனுக்கு வகுப்புக்குப் போகும் பஸ்ஸில் என் பயிற்சிக் கட்டுரையை வாங்கிப் படித்தாள். தலைப்பு 'நூலகத்தின் பயன்'.

"அக்கா, இது கட்டுரையா, தொரைக்கு எழுதுன மனுவா? கடைசில 'தயவுகூர்ந்து ஆவன செய்யவும்'னு போட்டிருக்கீங்க. நூலகம் ஒங்களுக்கு என்னதான் செய்யணும்?"

எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் அல்ல, என் மேலேயே. அன்று முதல் பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒரே தலைப்புக்கு நான்கு விதமாகச் சட்டகம் போட்டேன். 'மழை' என்றால், ஒன்றில் காலை முதல் மாலை வரை நடந்தது வரிசையாக; இன்னொன்றில் மழை நாளும் வெயில் நாளும் ஒப்பிட்டு; மூன்றாவதில் சிக்கல், காரணம், தீர்வு. நான்காவதுதான் பாடாய்ப் படுத்தியது. சொல்ல வந்ததை முதல் வரியிலேயே சொல்லிவிட்டுப் பிறகு காரணங்களை அடுக்க வேண்டும். மரியாதை கெட்டவள் போல உணர்ந்தேன். ஆனால் விடவில்லை. சோறு வேகும் நேரமெல்லாம் அதையே திரும்பத் திரும்பப் போட்டேன்.

பரீட்சையில் பாடசாலைப் பிள்ளைகளின் போக்குவரத்து பற்றிக் கேட்டிருந்தார்கள். 'தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் வேண்டும்' என்று தொடங்கினேன். கடைசிப் பந்தியில் கை தானாகவே 'தாழ்மையுடன்' என்று எழுதியது. அதை அடித்துவிட்டுத் தாளைக் கொடுத்தேன்.

தேறினேன். நியமனம் கிடைத்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா கூரைக்கு மனு கேட்டு வந்தார். 'எங்கள் லயத்துக் கூரையை இந்த மழைக்கு முன் மாற்ற வேண்டும்' என்று முதல் வரியை எழுதி வாசித்துக் காட்டினேன்.

"என்னம்மா, எடுத்த ஒடனேயா கேக்குறது? தொரை கோவிச்சுக்குவாரு."

"கோவிச்சுக்கட்டும்க்கா. நாலு மனு கெஞ்சி எழுதிக் குடுத்தேன். கூர இன்னும் ஒழுகுதுதானே?"

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டார்.