மூன்று துளைத் தகடு

அருங்காட்சியகத்தில் அந்தச் செந்நிறக் கையணி இருக்கும் கண்ணாடிப் பெட்டிமுன் யார் நின்றாலும், நானாகவே போய் "எங்க அக்கா கோர்த்தது" என்று சொல்லிவிடுவேன். அங்கிருக்கும் காவலாளிக்கு என் தலையைக் கண்டாலே அலுப்பு. இருக்கட்டும்.

வீட்டில் அக்காவுக்குப் பெயர் முடிச்சு. இருபது வருடம் நகைக்கடைகளுக்கு முத்தும் பவளமும் கோர்த்தவள். அவள் போட்ட முடிச்சை வெட்டத்தான் முடியும், அவிழ்க்க முடியாது. பிடிவாதமும் அதே ரகம். பழங்கால மாலைகளின் நூல் இற்றுப்போனதால் அருங்காட்சியகத்தில் அவளைத் தற்காலிகமாக எடுத்தார்கள். ஆறு மாதம் ஒழுங்காக ஓட்டினால் வேலை நிரந்தரம் என்றார் காப்பாட்சியர். பதினொரு மாலைகளை வாய் திறக்காமல் கோர்த்து முடித்தாள். எங்களால் நம்பவே முடியவில்லை.

பன்னிரண்டாவது, நாலாயிரம் வருடத்துக் கழுத்து மாலை. நுழைவுச்சீட்டில்கூட அதன் படம்தான். அறுபது செந்நிறக் கல்மணிகள், நடுவே பதக்கமாகத் தொங்கும் பொன் தகடு, தகட்டில் வரிசையாக மூன்று துளைகள். பழைய புகைப்படத்தைக் கொடுத்து, இதே மாதிரி கோர்க்கச் சொன்னார்கள். அக்கா தகட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். நேரே காப்பாட்சியரிடம் போனாள்.

"சார், இது பதக்கம் இல்ல. தொங்கியிருந்தா ஒரு துளையோட மேல் விளிம்பு மட்டும்தான் தேஞ்சிருக்கும். இதுல மூணு துளையைச் சுத்தியும், ரெண்டு பக்கமும், மணி உரசின தடம் இருக்கு. மூணு சரம் பின்னிக்காம இருக்க நடுவுல வைக்கிற தகடு இது."

நான்கு புத்தகங்களில் கழுத்து மாலை என்று அச்சாகியிருக்கிறது, கோர்ப்பது மட்டும் உங்கள் வேலை என்றார் அவர். பணி நிரந்தர உத்தரவு அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. சேதி கேட்ட நான், பேசாமல் கோர்த்துவிடு என்று கெஞ்சினேன். அவள் காப்பாட்சியரிடம் ஒரே ஒரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்று முழுக்க, ஒவ்வொரு மணியின் தேய்ந்த முனைக்கும் எந்த மணி பொருந்துகிறது என்று தேடித்தேடி வரிசைப்படுத்தினாள். சரத்துக்கு இருபது, மூன்று சரம், நடுவே தகடு. ஒரு மணி மிஞ்சவில்லை. மரக்கை ஒன்றின் மணிக்கட்டில் கட்டிக் காட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

காப்பாட்சியர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "நாப்பது வருஷமா கையில போடறதைக் கழுத்துல மாட்டி வச்சிருக்கோம்" என்றார். பிறகு பேனாவைத் திறந்து, உத்தரவின் மேல் வைத்தபடியே கேட்டார்: "நீங்க கோர்த்த மத்த பதினொண்ணும் சரிதானே?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன்.

"ரெண்டு சரியில்ல சார். படத்துல இருந்தபடியே கோர்த்துட்டேன். வேலை போயிடுமோன்னு பயந்து சொல்லல."

அவர் கையெழுத்தைப் போட்டார். இழுப்பறையைத் திறந்து, கத்தரிக்கோலை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.