எண்ணாமல் கையெழுத்துப் போட்ட பயோடேட்டா

வேலை தேடுவதும் ஒரு வேலைதான். என்ன, அதில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா செய்யவும் முடியாது. அந்த உத்தியோகத்தை நான் இந்த வருடம் இரண்டரை மாதம் முழுநேரமாகப் பார்த்தேன். இப்போதும் அதே உத்தியோகத்தில் இருக்கும் என் சகாக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

அதற்கு முன்னால், நடுவில் சவூதியில் தம்மாமுக்குப் போய் வந்த இரண்டு வருடம் போக, பன்னிரண்டு வருடம் தூத்துக்குடி துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தேன். கப்பலில் ஏறுகிற, இறங்குகிற மூட்டைகளைப் பக்கத்தில் நின்று எண்ணி, கிழிந்தது, நனைந்தது, குறைந்தது எல்லாவற்றையும் தாளில் குறித்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. ஒரு வெள்ளிக்கிழமை கம்பெனியில் எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவர்கள் டீ கொடுத்தது அன்றுதான், அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

தம்மாமில் இருக்கும் என் மச்சான் உடனே அங்கே ஒரு கிடங்கில் வேலை பேசிவிட்டான். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும் என்றான். எனக்குப் போக மனசே இல்லை. போன தடவை திரும்பி வந்த அன்று, மூன்று வயது மகள் அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, இந்த அங்கிள் எப்போது போவார் என்று கேட்டாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஊருக்குள் ஒரு வேலை கிடைத்தால் அவளோடு இருக்கலாம், கிடைக்காவிட்டால் விமானம் ஏற வேண்டும். கையில் இருந்தது இரண்டரை மாதம்.

இரண்டு பக்கப் பெரிய மனிதர்

என்னோடு வேலை போனவன் தொம்மை. திரேஸ்புரத்துக்காரன், கப்பலில் சரக்கைத் தூக்கி இறக்குகிற வின்ச் ஓட்டியவன். மில்லர்புரத்தில் என் வீட்டுக்கு வந்து, என் போனில் ஏஐ செயலி ஒன்றை ஏற்றிக்கொடுத்தது அவன்தான். நான் தமிழிலேயே பேர், வயது, டேலி கிளார்க், பன்னிரண்டு வருடம் என்று தட்டி, நல்ல பயோடேட்டா ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் வந்து விழுந்தது.

நிதானமாகப் படித்துப் பார்த்தேன். உலகளாவிய கடல்சார் வணிகத்தில் தொலைநோக்குள்ள தலைவராம் நான். நாற்பது பேர் கொண்ட குழுவை வழிநடத்தினேனாம். குளிர்பதனச் சரக்கில் தனித்தேர்ச்சியாம். இந்தியும் சரளமாம். என் கண்காணிப்பில் ஒரு மூட்டைகூடச் சேதமானதில்லையாம். உண்மையில் என் குழுவில் இருந்தது நானும் ஒரு குடையும்தான். ஆனாலும் பொய் சொல்வானேன், கண்ணாடி முன்னால் நின்று இரண்டு தடவை சத்தமாகப் படித்தேன். கொஞ்சம் உயரமாகிவிட்டதுபோல்கூட இருந்தது.

என் மனைவி ஜெயராணி ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். படித்தாள், மடித்தாள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆளு ரொம்ப நல்ல ஆளாத்தான் தெரியுது. இவருக்குக் கல்யாணம் ஆயிட்டா?"

ஒரே கப்பல்

எல்லாரும் இப்படித்தான் அனுப்புகிறார்கள் என்றான் தொம்மை. பயந்துபோய்க் கிடக்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அந்தப் பயோடேட்டாவை அச்செடுத்து, அடியில் கையெழுத்துப் போட்டுப் பதினொரு கம்பெனிகளுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு கடிதமும் வைக்க வேண்டுமாம். அதையும் ஏஐயிடமே கேட்டேன். மனதைத் தொடுகிற மாதிரி வேண்டும் என்று மட்டும் சேர்த்துச் சொன்னேன்.

வேம்பார் ரோட்டுப் பக்கம் ஒரு கிடங்குக் கம்பெனியில் தொம்மையும் நானும் ஒன்றாகவே போய் நின்றோம். முன்னால் இருந்த பெண் என் கடிதத்தைப் படித்தார். பிறகு தொம்மையின் கடிதத்தைப் படித்தார். பிறகு மறுபடி என்னுடையதை எடுத்தார். 'சிறு வயதில் ஒரு மாலைப் பொழுதில் கரையில் நின்று, தூரத்தில் போன வெள்ளைக் கப்பலைப் பார்த்தபோதே என் வாழ்க்கை இதுதான் என்று முடிவுசெய்தேன்' என்று இரண்டிலும் இருந்தது. தொம்மையும் மனதைத் தொடுகிற மாதிரிதான் கேட்டிருக்கிறான். நான் சிறு வயதில் இருந்தது சாத்தான்குளத்தில். அங்கே கரை என்றால் குளத்தங்கரைதான்.

அந்தப் பெண் சிரிக்கக்கூட இல்லை. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்க ரெண்டு பேரும் ஒரே நாளு, ஒரே எடத்துல நின்னு, ஒரே கப்பலையா பாத்திய?"

மூணாவது மாடி

ஒரு காலையில் தொம்மை குதித்துக்கொண்டு வந்தான். ஏதோ பெரிய கப்பல் கம்பெனி அவனைக் கம்ப்யூட்டர் மூலமாகவே தேர்ந்தெடுத்துவிட்டதாம். ஆதார், பாஸ்போர்ட், பேங்க் புத்தகம் மூன்றையும் போட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்ப வேண்டுமாம். எனக்கு லேசாக இடித்தது. ஏஐயிடம் கேட்டுவிடலாம் என்றேன். 'இந்தப் புகழ்பெற்ற கம்பெனியைப் பற்றிச் சொல்' என்று அவனே தட்டினான்.

புகழ்பெற்ற என்று நாமே சொல்லிவிட்ட பிறகு அது என்ன செய்யும், பாவம்? ஆமாம், புகழ்பெற்றதுதான் என்று ஆரம்பித்து, எத்தனை நாடுகளில் கிளை, எத்தனை கப்பல் என்று கதை கதையாக எழுதியது. தொம்மை போட்டோ எடுக்க ஆரம்பித்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, விலாசம் நம் ஊரில்தானே இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு அனுப்பு என்றேன். துறைமுகத்தில் நான் எந்தச் சரக்கையும் அடுத்தவன் வாயால் எண்ணியதில்லை.

பைக்கில் போய் இறங்கினோம். பேர்ப்பலகையைக் காணோம். ஒரு ஐஸ் கம்பெனி மட்டும் இருந்தது. வாசலில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்ற பெரியவரிடம், மூணாவது மாடியில் கப்பல் கம்பெனி இருக்கிறதாமே என்று தொம்மை கேட்டான். அவர் மேலே பார்த்தார். நாங்களும் பார்த்தோம். தகரக் கூரையில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது.

"மூணாவது மாடியா? இங்கன மாடியே கிடையாது. ஐஸ் வேணும்னா சொல்லுங்க, ஒரு பார் தாரேன்."

இரண்டு நேர்காணல்கள்

பதினொன்றில் ஏழு பேர் பதிலே போடவில்லை. மூன்று பேர் நன்றி தெரிவித்தார்கள். அதுவும் ஏஐ எழுதியதாகத்தான் இருக்கும், அவ்வளவு அன்பாக இருந்தது. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்தான் பாக்கி. மச்சான் தினமும் போன் செய்தான்.

மிச்சம் இருக்கிற ஒரு கம்பெனியாவது கூப்பிட்டால் தயாராக இருப்போம் என்று ஏஐயையே மேனேஜராக உட்காரவைத்துப் பழகினேன். அது நல்ல உபயோகம், குறை சொல்ல மாட்டேன். வாயில் வராத ஆங்கிலச் சொற்கள் நான்கைந்து பழகின. ஆனால் நான் எதைச் சொன்னாலும் அருமையான பதில் என்றது. தெரியாது என்று சொன்னதற்கும் அருமை என்றது. அப்படி ஒரு மேனேஜரை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை.

புது வருடத்துக்குப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஜெயராணி இதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் சிவப்புப் பேனாவோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். நாற்பது பேர் குழு என்று போட்டிருக்கிறதே, அதில் பத்துப் பேருடைய பேரைச் சொல்லுங்கள் என்றாள். நான் யோசித்து யோசித்து நான்கு பேர் சொன்னேன். நாலாவது ஆள் சைக்கிளில் டீ கொண்டுவருகிற மாணிக்கம்.

"டீக்காரரையும் சேத்து நாலு. மிச்சம் முப்பத்தாறு பேரும் இன்னைக்கு லீவா?"

ரிமார்க்ஸ்

மறுநாளே பதினோராவது கம்பெனி கூப்பிட்டது. துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு. அனுப்பியது அனுப்பியதுதான், இனி என்ன செய்ய என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். மேனேஜர் வசந்தி மேடம், நாசரேத்துக்காரர். என் பயோடேட்டாவை மேஜையில் வைத்துவிட்டு, என் பேரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இதற்கு முன் அவர் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீசில் இருந்தவராம். என் முகம் தெரியாது, ஆனால் என் டேலி தாள்கள் வருடக்கணக்கில் அவர் மேஜைக்குத்தான் போயிருக்கின்றன.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கு சுத்தமாக வந்தது என்று தாளில் எழுதினால் எல்லாருக்கும் சந்தோஷம், வேலை சீக்கிரம் முடியும். முப்பத்தேழு மூட்டை கிழிசல் என்று ரிமார்க்ஸ் எழுதினால் எல்லாருக்கும் கோபம். மழையில் நனைந்துகொண்டு வந்த ஒரு முந்திரிக்கொட்டைக் கப்பலில் நான் அப்படி எழுதினேனாம். கப்பல் அதிகாரி முதல் ஏஜென்ட் வரை கெஞ்சியும் மாற்றிக்கொடுக்கவில்லையாம். அன்றைக்கு எங்கள் ஆபீசே உங்களைத்தான் ஏசியது என்று மேடம் சாவகாசமாகச் சொன்னார். பிறகு பயோடேட்டாவில் ஒரு வரியில் விரலை வைத்தார். ஒரு மூட்டைகூடச் சேதமானதில்லை என்ற வரி.

"இதுலயும் உங்க கையெழுத்துதான் இருக்கு. இத எண்ணிட்டா போட்டிய?"

எனக்குக் காது சுட்டது. பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அழுகைகூட வரும்போல் இருந்தது. எண்ணவில்லை மேடம் என்றேன். பயத்தில் அனுப்பிவிட்டேன், ஏஐ எழுதியது, ஆனால் அனுப்பியது நான்தான் என்றேன். பிறகு என்ன தோன்றியதோ, பேனாவை எடுத்து அங்கேயே உட்கார்ந்து டேலி போட ஆரம்பித்தேன். தொலைநோக்குத் தலைவர்: சரக்கு வரவில்லை. நாற்பது பேர்: முப்பத்தொன்பது குறைச்சல். குளிர்பதனம்: வெளியே நின்று பார்த்ததோடு சரி. இந்தி சரளம்: இரண்டு வாக்கியம், இரண்டும் டீ கேட்க. ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் ரிமார்க்ஸ் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வேலை போயிற்று என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தம்மாம் வெயில் முதுகில் அடிப்பதுபோல் இருந்தது.

மேடம் முழுவதையும் படித்தார்.

"நாலு வரிதான் மிச்சம். ஆனா எனக்கு அந்த நாலு வரிதான் வேணும். சாயங்காலத்துக்குள்ள சுத்தமா ஒரு காப்பி எடுத்து அனுப்பிருங்க."

ஜெயராணி சொல்லாதது

சுத்தமான காப்பிக்கும் ஏஐயிடம்தான் போனேன். நான் சொல்லாத எதையும் சேர்க்காதே, ஆங்கிலத்தை மட்டும் திருத்து என்றேன். ஆதார் எண், வீட்டு விலாசம் எதையும் அதற்குக் கொடுக்கவில்லை, அவற்றைக் கடைசியில் நானே எழுதிக்கொண்டேன். நாலு வரியை அழகாக நாலு வரியாகவே கொடுத்தது. அதையும் மூன்று தடவை படித்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் வேலைக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. கன்டெய்னர்களைச் சுற்றி வந்து, எங்கே நசுங்கியிருக்கிறது, எங்கே ஓட்டை என்று குறிக்கிற வேலை. உடனே மச்சானுக்குப் போன் செய்து, வரவில்லை என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஏசிவிட்டு வாழ்த்துச் சொன்னான். தொம்மைக்கு இன்னும் அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறான். அவன் ஓட்டிய வின்ச்சை மட்டும் வைத்து அவனுக்கு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

விஷயத்தைச் சொல்ல வீட்டுக்குள் போனபோது, ஜெயராணி ஸ்டூலில் ஏறி நின்று பெரிய சூட்கேஸைப் பரண் மேல் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் போனில் பேசியதைக் கேட்டிருக்கிறாள். சூட்கேஸ் துடைத்துப் பளபளவென்று இருந்தது, அறுந்துபோயிருந்த ஜிப்பைக்கூட மாற்றியிருந்தாள். எப்போது இறக்கினாள், எப்போது தைக்கக் கொடுத்தாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இந்த இரண்டரை மாதத்தில் போங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கீழே இறங்காமல், சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"போவாதீங்கன்னு சொல்லணும்னுதான் இருந்திச்சு. சொன்னா, எனக்காவ இன்னும் ரெண்டு பக்கம் பொய் எழுதிருவியளோன்னு பயந்துட்டேன்."

இப்போதும் ஆபீஸ் கடிதங்களுக்கு ஏஐயின் உதவியைக் கேட்கிறேன். அது என்னைப் புகழ்ந்து எழுதும் வரிகளை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக ரசித்துப் படித்துவிட்டு, அடித்துவிட்டு அனுப்புகிறேன்.