டிசம்பர் பக்கத்துக்கு ஒரு படம்

1. 2004 ஜூலையில் அப்பா லீவில் வந்தார். பெட்டியில் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது.
2. வந்த மறு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் நடந்தது. வெளியே நல்ல மழை.
3. அப்பா கேட்டதால், கேமராவின் தேதியை முந்தைய டிசம்பர் இருபத்தைந்துக்கு மாற்றினேன். எனக்கு அப்போது பதினாலு வயது.
4. அதைத் திரும்பச் சரியாக்க யாருக்கும் நினைவு வரவில்லை.
5. ஒன்பது வருடம் கழித்து, அந்தக் கேமராவின் படங்களை வைத்து அப்பாவுக்கு ஒரு டிஜிட்டல் ஸ்கிராப்புக் செய்ய உட்கார்ந்தேன்.
6. ஒரு படத்திலிருந்து ஒரு சக்கையை வெட்டி எறிந்தேன். எங்கள் பக்கம் சக்கை என்றால் பலாப்பழம்.
7. தங்கச்சி அதைக் கண்டுபிடித்தாள்.

இதில் ஆறாவது நான் செய்த தப்பு. மூன்றாவதும் தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா வளைகுடாவில் வெல்டர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு, அதுவும் எப்போதும் ஜூலை, ஆகஸ்ட். அந்தக் கம்பெனியில் யாருக்கு எந்த மாதம் என்பது முதலிலேயே முடிவாகிவிடும். டிசம்பர் வேறு ஆட்களுடையது. குலசேகரத்தை ஒட்டிய எங்கள் ஊரில் இப்படி அப்பா இல்லாத வீடுகள் நிறைய உண்டு. அதனால் எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. தங்கச்சிக்குப் பட்டது. அவளுக்கு மூன்றரை வயதாக இருந்த கிறிஸ்துமஸில், எதிர்வீட்டு மாமா ஏணி போட்டு எங்கள் வீட்டு ஸ்டாரைக் கட்டினார். அவள் கீழே நின்று, "நம்ம அப்பாதான் கெட்டணும், நீங்க அவுருங்க" என்று அழுதாள். மாமா பாவம், பாதி ஏணியில் நின்றுகொண்டு அம்மாவைப் பார்த்தார். அன்று போனில் அம்மா இதைச் சொல்ல, அப்பா அவளிடம் பேசினார். "நான் வருகப்போ கிறிஸ்துமஸையும் கொண்டு வாறேன் மக்கா" என்றாராம்.

ஜூலையில் அவர் வந்து பெட்டி திறந்ததும் அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். சோப்பு, டார்ச், டால்கம் பவுடர், கேமரா. "கிறிஸ்துமஸ் எங்க?" என்று கேட்டாள். அப்பாவுக்குப் போனில் சொன்னது மறந்தே போயிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து நினைவுபடுத்திக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை" என்றார்.

அப்படித்தான் மச்சிலிருந்து ஸ்டார் இறங்கியது. மூங்கில் சிம்பில் சிவப்புக் கண்ணாடிப் பேப்பர் ஒட்டிய ஐந்து முனை ஸ்டார். இரண்டு முனையை எலி தின்றிருந்தது. ஜூலையில் எந்தக் கடையிலும் கண்ணாடிப் பேப்பர் கிடைக்கவில்லை. அப்பா மார்த்தாண்டம் வரை போய், பரிசுப் பொருள் சுற்றித் தரும் ஒரு கடையில் மிச்சம் கிடந்ததைக் கெஞ்சி வாங்கி வந்தார். வீட்டில் இருந்த பசை காய்ந்து கட்டியாகிவிட்டது. அந்த நேரம் அம்மா நடு அறையில் பேப்பர் விரித்து, கையில் எண்ணெய் தடவி, அப்பாவுக்காகச் சக்கை வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு ஈர்க்குச்சியில் சக்கைப் பாலைச் சுருட்டி எடுத்து, விளக்கில் லேசாகக் காட்டி, மூங்கில் சிம்பில் இழுத்துப் பேப்பரை ஒட்டினார். பிடித்துக்கொண்டது. இழுத்த இடமெல்லாம் பழுப்பாகக் கறை நின்றது.

முற்றத்து மழைப்புல்லைப் பிடுங்கிப் புல்கூடு கட்டினோம். டிசம்பரில் வைக்கோலைத்தான் தேட வேண்டியிருக்கும். இந்தத் தடவை குடிலுக்குள் பச்சைப் புல். மாதா, சூசையப்பர், ஒரு காது போன கழுதை. அடுத்த வீட்டு அக்கா குடையோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏட்டி, என்னது இது? பெருவெள்ளத்துல ஒங்க வீட்டுக் காலண்டரு ஒழுகிப் போச்சா?"

அப்பா ஏணியிலிருந்து இறங்காமல், "கம்பெனி லீவு குடுத்தாத்தான் எங்களுக்குக் கிறிஸ்துமஸ்" என்றார்.

"அப்ப கேக்கு?"

"அதுக்கும் கம்பெனிட்டதான் கேக்கணும்."

அக்கா சிரித்தபடி போய், அரை மணி நேரத்தில் ஒரு தட்டு முந்திரிக்கொத்து கொண்டுவந்தார்.

தங்கச்சி இது எதையும் கவனிக்கவில்லை. அவளுக்கு ஸ்டார் எரிந்தது, அப்பா கட்டினார், அவ்வளவு போதும். படம் எடுக்கும் முன் அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "மக்கா, இந்தப் படத்துல ஓரத்துல தேதி விழுகுல்லா, அதை மாத்த முடியுமா?" கேமராவின் மெனுவைப் படித்தவள் வீட்டில் நான் மட்டும்தான். மாற்றிக் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் தொழில்நுட்ப வேலை அதுதான். மொத்தம் பதினேழு படம். எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் ஆரஞ்சு எண்களில் டிசம்பர் 25, 2003.

2013-இல் படிப்பு முடித்து, வேலைக்கான அழைப்புக் கடிதத்துக்காக வீட்டில் காத்திருந்தேன். வேலை இல்லாத நாட்களில் பட்டியல் போடுவது என் பழக்கம். எதிர்வீட்டு மாமாவின் மகன் அக்டோபரில் அப்பா இருக்கும் ஊருக்கே வேலைக்குப் போவதாக இருந்தது. அவன் கையில் ஒரு பென் டிரைவ் கொடுத்து அனுப்பலாம், அதில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பக்கம் என்று திட்டம் போட்டேன். தங்கச்சிக்குப் பதிமூன்று வயது. அவள் உடனே டிசம்பர் பக்கத்தை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா வந்த கிறிஸ்துமஸ் எனக்கு. அதை நான்தான் செய்வேன்."

அவள் அப்படித்தான் அதைச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் மறக்க முடியாத நாள் என்று கட்டுரை எழுதச் சொன்னபோதும் அதைத்தான் எழுதினாள். மழை பெய்தது, அப்பா ஸ்டார் கட்டினார் என்று. டிசம்பரில் மழை எங்கள் ஊரில் அதிசயமில்லை என்பதால் டீச்சரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவோடு அவளுக்கு இருந்த ஒரே கிறிஸ்துமஸ் அது.

படங்களைத் தேதி வாரியாக அடுக்கச் சொன்னதும் கணினி என் பழைய குற்றத்தை எடுத்து முன்னால் வைத்தது. ஓணத்துக்கு நாங்கள் போட்ட அத்தப்பூக் கோலம் பிப்ரவரியில் வந்தது. குருத்தோலை ஞாயிறு செப்டம்பரில். ரப்பர் தோட்டம் இலை உதிர்த்து மொட்டையாக நின்ற படம் ஜூலையில். உண்மையான கிறிஸ்துமஸ் எல்லாம் ஜூன் மாதத்தில் வரிசையாக நின்றன. அப்பாவின் பழைய பாஸ்போர்ட் முத்திரையை வைத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கேமரா கெட்டுப்போகும் நாள் வரை நூற்றுத் தொண்ணூற்றொன்பது நாள் பின்தங்கியே ஓடியிருக்கிறது. சின்னதாக ஒரு நிரல் எழுதினால் எல்லாம் ஒரே நிமிடத்தில் சரியாகிவிடும். எழுதினேன். ஓட்டுவதற்கு முன் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா ரப்பர் ஷீட்டை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் சரியாக்கு. அந்தப் பதினேழை விட்டுரு" என்றார்.

"பொய்யில்லா அம்மா?"

"அந்தப் பிள்ளைக்கு ஒரு கிறிஸ்துமஸ்தான் உண்டு. அதையும் எடுத்துராத மக்களே."

விட்டுவிட்டேன். ஆனால் பதினேழில் நல்ல படம் ஒன்றுதான். அப்பா ஸ்டாரைப் பிடித்திருக்கிறார், தங்கச்சி அவர் தோளில், பின்னால் புல்கூடு. கீழே இடது மூலையில், விரித்த பேப்பரில், பாதி வெட்டிய சக்கை. கிறிஸ்துமஸுக்குச் சக்கை கிடையாது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மூலையை வெட்டினேன். சக்கையோடு சேர்ந்து அம்மாவின் கையும் போயிற்று. அது அப்போது என் கண்ணில் படவில்லை.

பக்கம் அலங்கரிக்க இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததெல்லாம் பனி, பைன் மரம், கம்பளிக் கையுறை.

"எக்கா, நம்ம ஊர்ல பனிக்கு எங்க போக? பேச்சிப்பாறை அணைக்கா?" என்றாள் தங்கச்சி.

சரி, நம் சாமான்களையே ஸ்கேன் செய்வோம் என்று ஆரம்பித்தோம். ஜனவரிக்கு ரப்பர் இலை வேண்டும். அது சிவந்து உதிரும் மாதம் அதுதான். போன ஜனவரியில் அவள் பாடப்புத்தகத்தில் வைத்த இலை இருந்தது. மார்ச்சுக்குக் குருத்தோலை. ஆகஸ்டுக்கு வாடாமல்லி. பின்னணிக்கு ஒரு ரப்பர் ஷீட்டையே ஸ்கேனரில் வைத்தோம். அதன் வரிவரியான அச்சு திரையில் நெய்த துணி மாதிரி அழகாக வந்தது. ஸ்கேனர் ஒரு வாரம் நாறியது. அந்த வாரம் முழுக்க அவளும் நானும் ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்திருந்தோம். இப்போது நினைத்தால் அந்த நாற்காலிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

டிசம்பருக்கு அவள் மச்சிலிருந்து ஸ்டாரை இறக்கினாள். ஒரு முனையை ஸ்கேனரில் அழுத்தினோம். திரையில் பெரிதாகப் பார்த்ததும் பழுப்புக் கறை தெரிந்தது.

"இது என்ன கறை எக்கா?"

"பழசாயிட்டுல்லா."

"ரெண்டு முனையில மட்டும் பழசாவுமா?"

பழைய படத்தில் இந்தக் கறை இருக்கிறதா என்று பார்க்க, நான் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் மூலப் படத்தைத் திறந்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது திரையில் சக்கை இருந்தது.

"எக்கா, டிசம்பர்ல சக்கை உண்டா?"

அவள் படத்தில் புல்கூட்டைப் பெரிதாக்கினாள்.

"புல்லு இவ்வளவு பச்சையா இருக்கு. இது எந்த மாசம்?"

"ஜூலை" என்றேன். பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஏணி, போன், பெட்டி, தேதி.

"தேதி மாத்தினது ஆரு?"

"நான்தான்."

"சக்கையை வெட்டினது?"

"அதுவும் நான்தான்."

அவள் ஸ்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் அம்மாவிடம், "நான் வாறேன்னு சொல்லுங்க" என்பாள், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வீடியோ கால். படம் நின்று நின்று வந்தது. அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க கிறிஸ்துமஸுக்கு வந்ததே இல்லையா?"

அப்பாவின் முகம் அசையாமல் நின்றது. இணைப்புப் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

"இல்ல மக்கா. லீவுக்குத்தான் வந்தேன்."

"பொறவு எதுக்கு என்னை ஏமாத்தினீங்க?"

"நீ பெட்டியில தேடினல்லா. அப்பாக்கு வேற ஒண்ணும் தோணல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கை காட்டினாள். "இவ சக்கையையும் வெட்டிட்டா."

"எந்தச் சக்கையை?"

"படத்துல இருந்த சக்கையை."

அப்பா சிரிக்க ஆரம்பித்தார். "அட பாவி, அந்தச் சக்கை இல்லன்னா ஸ்டாரே இல்லையே!" என்று சக்கைப் பால் கதையைச் சொன்னார். ஈர்க்குச்சி, விளக்கு, இழுத்த இடம். அம்மா பின்னாலிருந்து, "ஒரு மாசம் அந்த விளக்கைத் தேச்சேன் நான்" என்றார். தங்கச்சி ஸ்டாரைத் தூக்கிக் கேமரா முன்னால் காட்டினாள். "இந்தக் கறையா?" "அதுதான், அதேதான்." பெரிய சண்டைக்கு நடுவே சிரிப்பு வந்த எரிச்சலில் அவள் எழுந்து உள்ளே போனாள். அப்பா போனை வைக்கவில்லை. அவள் திரும்பி வரும்வரை காத்திருந்தார்.

அன்று மத்தியானம் அவள் நாற்காலியின் தன் பாதியில் வந்து உட்கார்ந்தாள். "மூலையைத் திருப்பி வை" என்றாள். வைத்தேன். சக்கை வந்தது, அம்மாவின் கை வந்தது. "ஜூலைக்கு மாத்து." மாற்றினேன். ஆரஞ்சு எண்களை அழிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி, கீழே அவளே தட்டினாள்:

ஜூலை. மழை.
சக்கை வெட்டினது அம்மா.
ஸ்டார் ஒட்டினது அப்பா.
தேதி மாத்தினது எக்கா.
ஏமாந்தது நான்.

டிசம்பருக்கு ஸ்டாரின் கறை படிந்த முனையைச் சுற்றிலும் வைத்து, நடுவில் படத்துக்கான இடத்தைக் காலியாக விட்டாள். வேறு கிறிஸ்துமஸ் படம் நிறைய இருக்கிறதே என்றேன். "அப்பா உள்ள படம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அக்டோபரில் பென் டிரைவ் போயிற்று. அப்பா அறைக்காரர் ஒருவரின் மடிக்கணினியில் பார்த்தாராம். ஜூலைப் பக்கத்தை அறையில் எல்லோருக்கும் காட்டினார். டிசம்பர் பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஜூலையில் வந்தபோது, "ஸ்டாரை இறக்கட்டுமா?" என்று அவளிடம் கேட்டார். "டிசம்பர்ல இறக்குவோம்" என்றாள்.

இப்போது 2015 நவம்பர். நான் திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறேன். வாரக் கடைசியில் களியக்காவிளையில் பஸ் மாறி வீட்டுக்கு வருகிறேன். தங்கச்சி பத்தாம் வகுப்பு. அப்பாவின் ஒப்பந்தம் வருகிற மார்ச்சில் முடிகிறது. இதற்கு மேல் புதுப்பிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஸ்டார் மச்சில் இருக்கிறது. டிசம்பர் பக்கம் இன்னும் காலி.