அலமாரி மேலிருந்த சுரைக்காய்

தனக்கு உயிர் என்று தனியாக ஒன்றும் கிடையாது என்பதில் வாஷிங் மெஷின் மெக்கானிக் தீர்மானமாக இருந்தார். இருபது வருடமாக மெஷின்களைப் பிரித்துப் பார்த்தவர். மோட்டார், பெல்ட், பம்ப், சிக்கிக்கொண்ட ஒற்றைக் காலுறை. இதற்கு மேல் எந்த மெஷினுக்குள்ளும் எதுவும் அகப்பட்டதில்லை. மனிதனும் அப்படித்தான், மூளை ஓடும்வரைக்கும் மனசு என்பது அவர் கட்சி.

மாடியில் குடியிருந்த சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், எதிர்க்கட்சி. அவருக்கு இஸ்திரிக் கடை. ஆள் புகாத சட்டை எழுந்து நடந்து அவர் பார்த்ததில்லை. ஆகவே உடம்பு சட்டை, உயிர் ஆள். இருவரும் படிக்கட்டில் சந்தித்தால் போதும், அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

ஒரு நாள் மெஷினைத் தனியாளாகத் தூக்கப்போய் மெக்கானிக்குக்குக் குடலிறக்கம் வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் சகலைக்குக் கொண்டாட்டம். மயக்க மருந்து கொடுத்தால் உயிர் கழன்று கூரைக்குப் போய் மிதக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வார்டு ஊழியரைக் கெஞ்சி, ஆபரேஷன் அறையின் உயரமான அலமாரி மேல், ஒரு வார்த்தை எழுதிய காகிதத்தை வைக்கச் செய்தார். மேலே போகிற உயிர் அதைப் படித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

மெக்கானிக் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். ஆனால் மேஜையில் படுத்ததும், படித்துத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். பத்திலிருந்து பின்னால் எண்ணச் சொன்னார்கள். ஏழு வரைக்கும் நினைவிருக்கிறது. அடுத்துக் கண் விழித்தபோது வார்டில் கிடந்தார். நடுவில் கனவுகூட இல்லை. பிளக்கைப் பிடுங்கியது போல இருந்தது. அந்த வலியிலும் அவருக்கு உச்சி குளிர்ந்தது.

"ஒண்ணும் தெரியலண்ணே. நான் எங்கயும் போகல."

சகலையின் முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் உடனே நிமிர்ந்தார்.

"உன் கண்ணாடியைக் கழட்டி வாங்கிட்டாங்களே தம்பி. அது இல்லாம நீ பஸ் நம்பரே படிக்க மாட்டே. மேல போயிருப்பே, எழுத்து தெரிஞ்சிருக்காது."

"அப்ப உயிருக்கும் கண்ணு வேணும். கண்ணு உடம்போடது தானேண்ணே?"

மெக்கானிக் சிரிக்கப்போய்த் தையல் இழுத்தது. அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். உடம்புதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

இந்தச் சண்டையில் அதுவரை வாயே திறக்காத மனைவி, தலையணையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்: "உடம்பு கேக்கலேன்னா, பேச்சு சொன்னது யாருங்க?"

அது வெறும் பேச்சு வழக்கு என்று மெக்கானிக் இழுத்தார். யார் கேட்டார்கள்? சகலை துள்ளி எழுந்ததில் குளுக்கோஸ் ஸ்டாண்டு ஆட்டம் கண்டது. நர்ஸ் அவரை வெளியே அனுப்பிவிட்டார். மறுநாள் ஊழியர் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தபோதுதான் அதில் 'சுரைக்காய்' என்று எழுதியிருந்தது தெரிந்தது. கறிக்கு உதவாத ஏட்டுச் சுரைக்காய் இதுதானா என்று மனைவி வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

ஆறு வாரத்துக்கு எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிழைப்பு நடக்க வேண்டுமே. சகலை மத்தியானத்தோடு கடையைச் சாத்திவிட்டுக் கூடவே கிளம்பினார். போகிற வீட்டிலெல்லாம் மெக்கானிக் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து உத்தரவு போடுவார். சகலை மூச்சு வாங்க மெஷினைப் புரட்டுவார், கழற்றுவார், மாட்டுவார். ஒரு வீட்டம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"உங்க ரெண்டு பேர்ல யாருங்க மெக்கானிக்?"

உயிரே இல்லை என்றவர் வெறும் யோசனையாக உட்கார்ந்திருந்தார். உடம்பு வெறும் சட்டை என்றவருடைய சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. சகலை தலை நிமிராமலே, அந்த பெல்ட்டை எந்தப் பக்கம் மாட்டுவது என்று கேட்டார்.