தொட்டிக்கு அடியில் குடிவந்தவர்கள்

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலையில், தண்ணீர் வந்தால் நம்மை யாருக்கும் தெரியாது. வராவிட்டால் நம் செல்போன் எண் ஊருக்கே மனப்பாடம். குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நின்றவர்கள் எல்லோரும் என்னைப் போன்ற ஒருத்தியைத் திட்டியிருப்பீர்கள். ஜேடர்பாளையம் பக்கத்தில் எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு நான்தான் ஆபரேட்டர். எல்லாத் தாமதத்துக்கும் நான் மட்டும் காரணமில்லை.

மோட்டார்மேல் சாரை

ஒரு மார்கழிக் காலையில் மோட்டார் அறையைத் திறந்தேன். தொட்டியை நிரப்பிவிட்டு நின்ற மோட்டார்மேல் ஒரு சாரைப்பாம்பு சூட்டுக்குச் சுருண்டு கிடந்தது. வால்வு திறக்கிற ஸ்பேனர் அதற்குப் பின்னால் சாத்தியிருந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஆற்றுப் பக்கமிருந்து பனி வந்து வெற்றிலைக் கொடிக்காலை மூடியது. ஊர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

எதிர்வீட்டு சரசு அக்கா குடத்தோடு சண்டைக்கு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். குடத்தைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தூங்கட்டும் உடு. எங்கூட்டுக்காரரைக் காட்டிலும் இது சத்தமில்லாமத் தூங்குது."

வால்வுக் குழியில் தேரை

வால்வுக் குழிக்குள் ஒரு தேரை உண்டு. நான் திருகத் தொடங்கியதும் குழாய்க்குள் தண்ணீர் இரைந்து ஓடும். தேரை மெல்லக் கண்ணை மூடிக்கொள்ளும். அதைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் மேல்தெரு வால்வைத் திறக்கவே மறந்துபோனேன். மேல்தெருக்காரர் பழனிசாமி அண்ணன் போன் செய்தார். போர் போடுகிற ரிக் லாரி வைத்திருக்கிறவர், மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழாவுக்கும் அவர்தான் முன்னால் நிற்பார்.

"அம்மிணி, கீழ்த்தெருவுல காவேரியே ஓடுது. எங்களுக்கு ஒரு சொட்டாச்சும் காட்டு சாமி."

குடிவந்தவர்கள்

மாசியில் தொட்டியின் அடிப்பக்கம் மலைத்தேனீக்கள் வந்து கூடு கட்டின. முறத்தை விடப் பெரிய கூடு. வெயில் ஏறும்போது கூடு முழுக்க ஒரு பளபளப்பு அலையலையாக ஓடும். தூணில் காதை வைத்தால் மேலே தண்ணீரின் முனகல் கேட்கும், அதோடு அவற்றின் ரீங்காரமும். நான் அங்கேயே நின்றுவிடுவேன். அந்த ஒரு மாதம் என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த மாதம்.

பங்குனியில் நோம்பி. தீர்த்தக்குட ஊர்வலம் தொட்டிக்கு அடியில்தான் போயாக வேண்டும். மேளமும் வெடியும் கேட்டுத் தேனீ கலைந்தால் அத்தனை பெண்களையும் கொட்டும். கூட்டைக் கொளுத்திவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அவர்கள் பயம் நியாயம்தான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நோம்பி தொடங்கக் கோயில் முன்னால் கம்பம் நடுகிற அவசரத்தில் கொளுத்துகிற வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். காப்பும் கட்டியாயிற்று. மறுநாள் பழனிசாமி அண்ணன் தீப்பந்தம் பிடிக்க ஓர் ஆளோடு வந்து நின்றார். சட்டென்று கேட்டேன்: "ஏனுங்ணா, காப்புக் கட்டுனப்புறம் ஊருக்குள்ள இருக்கறவங்க வெளியூரு போய்த் தங்கலாமுங்களா?"

"அதெப்படி? நோம்பி முடிஞ்சு கம்பம் புடுங்கற வரைக்கும் ஆரும் போகக் கூடாது. ஆரு போறா?"

நான் மேலே கைகாட்டினேன். "இவிங்க மாசியிலயே வந்துட்டாங்கண்ணா."

அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். தீப்பந்தத்துக்கு வந்த ஆளும் பார்த்தான்.

"சரி, இவிங்களும் நம்மூருதான். வெடியைத் தோட்டத்துப் பக்கம் வெச்சுக்கலாம்."

ஊர்வலம்

தொட்டி வந்ததும் மேளம் நின்றது. மஞ்சள் சேலையில் பெண்கள் குடத்தோடு ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். பேச்சில்லை, குலவையில்லை. தலைக்கு மேல் அந்த ரீங்காரம் மட்டும். ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மஞ்சள் நீராட்டுக்கு மறுநாள் வந்து பார்த்தால் கூடு வெறும் மெழுகாகத் தொங்கியது. ஒரு தேனீகூட இல்லை. என் பக்கத்தில் வந்து நின்ற சரசு அக்காதான் சொன்னார்:

"கம்பம் புடுங்கற வரைக்கும் இருந்துட்டுத்தான் போயிருக்குது பாரு. எம் மவன் காப்புக் கட்டுன ரெண்டாம் நாளே பெங்களூருக்குப் பஸ் ஏறிட்டான்."

இப்போதெல்லாம் வால்வைத் திறக்கும் முன் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்கிறேன். கழுத்து வலிதான் மிச்சம்.