நான் சுற்றிய தார்கள்

என் தங்கை பிசியோதெரபி கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். பிசியோதெரபிஸ்டுகளின் மாநிலச் சங்கத்துக்குத் தலைவியாகி ஊர் ஊராக அலைந்த நாட்களிலும் ஞாயிற்றுக்கிழமையானால் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்துவிடுவாள். பக்கவாதத்தில் என் வீட்டுக்காரருக்கு வலது கை விழுந்திருந்தது. தறியில் நாடா தள்ளிய கை.

பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னால் அவருக்குச் சலிப்பு. அதனால் அவள் மூலையில் கிடந்த ராட்டையை இழுத்து வைத்தாள். தறியில் குறுக்கிழையை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலுக்குத் தார் என்று பெயர். வலது கையால் ராட்டையைச் சுழற்றி, தினமும் ஐந்து தாரில் பட்டு சுற்ற வேண்டும். “நீ கிட்டயே போவாதக்கா. எவ்ளோ நேரம் ஆனாலும் மாமாவே சுத்தட்டும்” என்றாள்.

முதல் நாளே கை நடுங்கியது. இழை இரண்டு முறை அறுந்தது. அவருக்கு நெற்றி வியர்த்தது. பக்கவாதம் இன்னொரு தடவை வந்துவிட்டால்? பஸ் பத்து நிமிடம் தாமதமானாலே விபத்து என்று நினைக்கிறவள் நான். அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு நானே சுற்றி வைத்தேன். எட்டாவதோடு நின்ற நாளிலிருந்து எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதானே. மறுநாளும் சுற்றினேன். அவர் வேண்டாமென்றார், பிறகு விட்டுவிட்டார்.

ஞாயிறுதோறும் தங்கை அவசரமாக வந்து தார்களை எண்ணிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பாள். நாளுக்கு ஐந்து என்பது எட்டானது, எட்டு பன்னிரண்டானது. வகுப்பில் சொன்னாளாம். சங்கக் கூட்டத்திலும், அவரவர் தொழிலையே பயிற்சியாகக் கொடுக்கலாம் என்று இவர் கதையைச் சொன்னாளாம். போனில் அவளே இதைச் சொன்னாள். இப்போது உண்மையைச் சொன்னால் அவளுக்கு அவமானமாகுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆறாவது மாதம் மாணவிகள் நான்கு பேரோடு வந்தாள். ராட்டையின் முன் உட்கார்ந்தவரின் விரல்கள் கைப்பிடியைப் பிடிக்கவே இல்லை. அவர் சிரிக்கப் பார்த்தார்.

“உங்கக்காவுக்குக் கை நல்லா ஆயிடுச்சும்மா. என்னுதுதான் இப்படியே இருக்குது.”

மாணவிகளை வெளியே அனுப்பிவிட்டு அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தாள். இறுகிப்போயிருந்தன. “கை திரும்ப வர்றதுக்கு முதல் ஆறு மாசந்தான்கா முக்கியம்” என்றாள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில், “தாரை எண்ணினேன், கையைப் பார்க்கவில்லை, தப்பு என்னுடையது” என்று அவளே எழுந்து சொன்னதாகப் பிறகு ஒரு மாணவி சொல்லித் தெரிந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையாம்.

இன்றும் இடது கையால்தான் சாப்பிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை அவள் பயிற்சி கொடுக்கும் அந்த ஒரு மணி நேரம் நான் தெருமுனைக்குப் போய் நின்றுகொள்கிறேன். வீட்டில் இருந்தால் உதவப் போய்விடுவேன்.