அண்ணி கேட்டது காலி கேன்

கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே அண்ணி சமையலறைச் சாமான்களைத் தூக்கித் துவைக்கிற தொட்டியில் போட்டுவிட்டார். அம்மா முகத்தில் ஈயாடவில்லை. நான் கதவோரம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். பெரிய குண்டான் ஜம்மென்று மிதந்தது. ஸ்பூன் நேராக அடிக்குப் போனது. உப்பு ஜாடி மூழ்கியது. வாய் வரை எண்ணெய் நிறைந்த பிளாஸ்டிக் கேன், கழுத்தை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மிதந்தது. அதைக் கண்டு நானே வாயைப் பிளந்தேன்.

"ஸ்பூன் துளியூண்டு, அது போயிடுச்சு. குண்டான் எவ்வளவு கனம், அது நிக்குது. ஏன்?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்று சொன்னால் நாத்தனார் கௌரவம் என்னாவது? உள்ளே காலியாக இருக்கிறதே என்றேன்.

"காலியா இருந்தா மட்டும் பத்தாது. அது எவ்வளவு தண்ணியைத் தள்ளிட்டு உக்காருதோ, அவ்வளவு தண்ணியோட எடையைத்தான் தண்ணி தாங்கும். குண்டான் நிறையத் தள்ளுது. ஸ்பூனுக்குத் தள்ள வயிறே இல்ல." எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால் நிறைந்த கேனும் தப்பித்தது என்றும் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு நான் அடிமை. வெளியே சொன்னதில்லை.

இதெல்லாம் அவர் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. பழைய இரும்பு டிரம்களை வாங்கிக் கழுவி விற்கிற கூடத்தில் அவருக்குப் பதினோரு வருஷ வேலை. டிரம்மைத் தொட்டியில் உருட்டிவிட்டால் போதும். அது எவ்வளவு அமிழ்ந்து கிடக்கிறது என்று பார்த்தே உள்ளே எவ்வளவு கசடு ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். எங்காவது குமிழி வந்தால் அங்கே ஓட்டை. அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. டிரம்மைக் கொதிக்கும் தண்ணீரில் கழுவுவார்கள். சூட்டோடு மூடியை இறுக்கி வைத்தால், ஆறும்போது டிரம் அப்பளமாக நசுங்கிவிடும். அதனால் மூடியைத் திருகி, பிறகு ஒரு சுற்று பின்னால் திருப்பித் தளர்த்தி வைப்பார்கள். அண்ணியின் கைக்கு அது ஊறிப்போன பழக்கம். வீட்டுத் தண்ணீர் பாட்டிலையும் அப்படித்தான் மூடுவார். என் கைப்பை எத்தனை முறை நனைந்தது என்று கேளுங்கள்.

இந்த வருஷம் மழை ஏமாற்றியது. ஏரித் தண்ணீர் கரையைவிட்டு வெகுதூரம் உள்ளே போய்விட, கரையில் இருந்த பம்பு காற்றைத்தான் உறிஞ்சியது. முந்நூறு வீடுகளுக்குத் தண்ணீர் நின்று இரண்டு நாள். மோட்டாரை ஒரு மிதவையில் ஏற்றித் தண்ணீருக்கு நடுவே நிறுத்தினால்தான் வழி. மிதவை வெளியூரிலிருந்து வர ஒரு மாதம் ஆகும். நான் குடிநீர் அலுவலகத்தில் எழுத்தர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எங்கள் அண்ணி இரண்டு நாளில் செய்துகொடுப்பார் என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணி காகிதம்கூட எடுக்கவில்லை. ஒரு டிரம் முழுக்க அமிழ்ந்தால் இருநூறு லிட்டர் தள்ளும், அதாவது இருநூறு கிலோ. ஆறு டிரம் ஆயிரத்து இருநூறு. மோட்டார், பலகை, குழாய், டிரம்களின் எடை, ஒரு ஆள் எல்லாம் சேர்ந்தால் எண்ணூறு சொச்சம். தாராளமாகத் தாங்கும் என்றார். எங்கள் பம்பு மெக்கானிக்குக்கு ஊரில் வைத்த பட்டப்பெயர் 'சந்தேகம்'. இரும்பு எப்படி இரும்பைத் தாங்கும் என்று அவர் நான்கு முறை கேட்டார். மோட்டார் ஒன்றுதான் இருக்கிறது, அது ஏரிக்குள் போனால் மாற்று கிடையாது என்று அதிகாரி ஒருமுறைதான் சொன்னார்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு மிதவை தயார். ஆறு டிரம்களும் படுத்த வாக்கில், மேலே பலகை. நான்கு பேர் ஏறிக் குதித்தார்கள். அசைந்தது, அவ்வளவுதான். டிரம்கள் பாதிகூட அமிழவில்லை. கரையில் பம்பு கொட்டகைக் குழாய்க்கு முன்னால் சனங்கள் காலி கேன்களோடு வரிசையாக நின்றார்கள். கைதட்டல் வேறு. அண்ணி முகத்தில் ஒரு வெட்கச் சிரிப்பு.

மோட்டாரை ஏற்றினார்கள். மிதவை இன்னும் அமிழ்ந்து, கணக்குப்படி நின்றது. கயிற்றைத் தளர்த்தி மார்பளவு ஆழத்துக்குத் தள்ளினார்கள். மெக்கானிக் மேலே நின்று மோட்டாரைப் போட்டார். குழாய் ஒருமுறை செருமியது. அப்போதுதான் மோட்டார் இருந்த மூலை மெல்லச் சாய்ந்தது.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு பலகை மேல் தண்ணீர் ஏறியது. கனம் தாங்கவில்லை, மோட்டாரை இறக்கு என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அண்ணி மட்டும் பலகையைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தார். சாய்ந்த மூலையில் பொடிப்பொடியாகக் குமிழி.

"கனமில்ல. மூடி. நான் மூடியைத் தளர்த்தி வச்சிருக்கேன்" என்றார். முந்நூறு வீட்டுச் சனங்களுக்கு முன்னால், தப்பு தன்னுடையது என்று அப்படியே சொன்னார். கைப் பழக்கத்தில் ஆறு டிரம்மின் மூடிகளையும் ஒரு சுற்று பின்னால் திருப்பியிருக்கிறார். மூடிகள் டிரம்மின் நடு உயரத்தில் இருந்தன. நான்கு பேர் குதித்தபோது அவை தண்ணீருக்கு மேலே இருந்தன. மோட்டார் ஏறியதும் உள்ளே போய்விட்டன. காற்று வெளியே வர, தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இடுப்பில் செருகியிருந்த திருகு சாவியோடு அண்ணி ஏரிக்குள் இறங்கிவிட்டார். மெக்கானிக்கிடம் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். குனிந்ததில் கழுத்து வரை தண்ணீர், கை மட்டும் அடியில் வேலை செய்தது. ஒவ்வொரு மூடியாக இறுக்கினார். குமிழி நின்றது. ஆனால் அந்த மூலையில் இரண்டு டிரம்கள் ஏற்கெனவே வயிறு முட்டக் குடித்திருந்தன. அந்தப் பக்கம் இன்னும் ஒரு சாண் சாய்ந்தால் மோட்டார் சறுக்கிவிடும்.

அண்ணி கரையைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் காலி கேனைக் குடுங்க. மூடி இருக்கிற கேன் மட்டும். நல்லா இறுக்கிக் குடுங்க."

யாரும் அசையவில்லை. நாள்கணக்கில் காத்திருந்தவர்கள் கையில் மிச்சம் இருந்தது அந்தக் கேன் ஒன்றுதான். நான் ஓடிப்போய் வரிசையில் முதலில் நின்ற பெண்மணியின் கேனைக் கிட்டத்தட்டப் பிடுங்கினேன். "ஒரு கேன் இருபது கிலோவைத் தூக்கும்மா" என்று கத்தினேன். அண்ணியின் பாடத்தை நான் ஒப்பித்த முதல் நாள் அது. அந்தப் பெண்மணி என்னை முறைத்தார், பிறகு மூடியை அவரே ஒருமுறை இறுக்கித் தந்தார். அப்புறம் கேன்கள் கைக்குக் கை மாறி வந்துகொண்டே இருந்தன.

கேனைப் பலகைக்கு அடியில் அமுக்குவது லேசான காரியமில்லை. கை நழுவினால் துள்ளி வெளியே வந்து முகத்தில் இடித்தது. மூன்று பேர் அமுக்க, அண்ணி கயிற்றால் கட்டினார். ஐந்தாவது கேனில் சாய்வது நின்றது. ஒன்பதாவதில் பலகை மேலிருந்த தண்ணீர் வடிந்தது. கரையில் எல்லோரும் சத்தமாக எண்ணத் தொடங்கிவிட்டார்கள். பதினான்காவது கேன் உள்ளே போனதும் மிதவை நிமிர்ந்து நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மெக்கானிக் மோட்டாரைப் போட்டார். குழாய் செருமியது, துப்பியது, பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டு வரிசையின் முன்பாதி வெறுங்கையோடு நின்றது. பிடிக்கக் கேன் இல்லை. ஒரு நிமிஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு யாரோ சிரித்தார்கள், அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. பாதிப் பேர் பாத்திரம் எடுக்க வீட்டுக்கு ஓடினார்கள். கேன்களை அவிழ்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். நாளைக்கு நல்ல டிரம் மாற்றும் வரை அதைத் தொடாதீர்கள் என்று மெக்கானிக் அவர் மேல் பாய்ந்தார்.

அண்ணி கரையேறி ஈரப் புடவையோடு ஒரு கல்லில் உட்கார்ந்தார். தலை நிமிரவில்லை. தப்பு செய்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அப்போது, நான் கேனைப் பிடுங்கினேனே, அந்தப் பெண்மணி குழாயில் இரண்டு கைகளையும் குவித்துத் தண்ணீர் ஏந்திக்கொண்டு வந்தார். வழியெல்லாம் விரலிடுக்கில் ஒழுகி, வந்து சேர்ந்தபோது ஒரு மிடறுதான் மிச்சம் இருந்தது.

"இதுக்கு மூடி இல்ல, சீக்கிரம் குடிங்க" என்றார்.

அண்ணி அந்தக் கைகளைத் தன் கைகளால் பிடித்துக்கொண்டு குடித்தார். நான் அழுதேன். வெளியே சொன்னதில்லை என்றேனே, அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.